வளையல்காரியிடம் நான் சொன்ன பொய்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதம். கேழ்வரகு அறுத்துக் களத்துக்கு வந்திருந்தது. மாமனாரும் மாமியாரும் களத்தில் இருந்தார்கள். நான் மட்டும் வீட்டில் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு வளையல்காரி வந்து நின்றாள்.

எங்கள் ஊர் கடத்தூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி இருந்தது. வளையல்காரர்கள் வருவது புதிதல்ல. ஆனால் யுத்தம் வந்த பிறகு கண்ணாடி வளையல் கிடைப்பதே அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் முன்பு ஒரு டஜன் வாங்கிய காசுக்கு நாலுதான் தருவார்கள். இவள் பழைய விலையே சொன்னாள். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் என் கையில் இருந்த வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்து கைக்கு இரண்டாகக் குறைந்திருந்தன. புருஷன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத பெண்ணின் கையில் வளையல் குறைந்தால் ஊர் அதை வேறு விதமாகப் பார்க்கும். அதனால் கையை நீட்டினேன்.

வளையல் போடுகிறவர்கள் கையைப் பிடித்தால் சீக்கிரம் விடமாட்டார்கள். விரல்களைக் குவித்து, பெருவிரலின் அடியில் இருக்கும் எலும்பை அமுக்கி, ஒவ்வொரு வளையலாக ஏற்றுவார்கள். பாதியில் எழுந்து போக முடியாது. அவள் கேட்டுக்கொண்டே போட்டாள்.

“வூட்டுக்காரரு எங்க கண்ணு?”

“பட்டாளத்துல.”

“எந்தச் சீமையில?”

“மலேயாவுல இருந்தாரு. ஜப்பான்காரன் வந்த பொறவு கடுதாசி வர்றதில்ல.”

“ஐயோ சாமி” என்றாள். கையை இன்னும் கொஞ்சம் இறுகப் பிடித்தாள். “போறப்ப உங்கிட்ட நல்லபடியாச் சொல்லிட்டுத்தான போனாரு?”

அந்தக் கேள்விதான் என்னைக் குத்தியது. அவர் என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காட்டில் ஏர் ஓட்டும்போது அப்பாவுக்கும் மகனுக்கும் வாய்ச்சண்டை முற்றியது. மாமா கையில் இருந்த தார்க்குச்சியால் மகனின் முதுகில் ஒரு போடு போட்டார். என் கணவர் ஏரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். சாயந்தரம் வருவார் என்று களி கிண்டி வைத்திருந்தேன். பதினோரு நாள் கழித்துப் பெங்களூரிலிருந்து ஒரு கார்டு வந்தது, பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக. நான் ஐந்தாவது வரை படித்தவள். கார்டை நான்தான் வாசித்தேன். அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதை முன்பின் தெரியாத ஒரு வளையல்காரியிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் கொள்ளாமல் போன புருஷனின் பெண்டாட்டி என்று அவள் என்னைப் பார்க்கக்கூடாது என்று தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நானே மொரப்பூர் ரயிலடி வரைக்கும் போயி வழியனுப்பிட்டு வந்தனுங்க. புளிச்சோறு கட்டிக் குடுத்தேன். என் மஞ்சக் கல்யாணச் சேலையில ஒரு ஓரம் கிழிச்சு, அந்தத் துணியிலதான் முடிஞ்சு குடுத்தேன். மாமா காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வண்டி ஏறினாரு.”

சொல்லச் சொல்ல எனக்கே அது பிடித்துப் போயிற்று. ரயில் கிளம்பியதையும், அவர் ஜன்னலில் கை அசைத்ததையும்கூடச் சொன்னேன். மொரப்பூர் ரயிலடியை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

வளையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் சில கேள்விகள் கேட்டாள். மாமியாருக்கு எத்தனை பிள்ளைகள், இவர் ஒருத்தர்தானா, மாமியார் காதில் தங்கக் கொப்பு போட்டிருக்கிறாரா, அந்தக் காலத்துக் கனத்த கொப்பா என்று. போகும்போது இரண்டு வளையல் சும்மாவே போட்டுவிட்டுப் போனாள். ஏன் சும்மா போட்டாள் என்று அன்று முழுக்க யோசித்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

எட்டு ஒன்பது நாள் ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் வந்தான். காக்கிச் சட்டை, தோளில் ஒரு கித்தான் பை, முகத்தில் நாலு நாள் தாடி. முப்பது வயது இருக்கலாம். வாசலில் நின்று இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டே, “ஆயா இருக்காங்களா?” என்று கேட்டான்.

அத்தை வெளியே வந்தார். அவன் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டான்.

“உங்க மவன் உசுரோட இருக்காருங்க ஆயா.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷம் ஆகியிருந்தது கடிதம் நின்று. கோயிலில் பூ கேட்டு, குறி கேட்டு, கடத்தூர் தபாலாபீசுக்கு வாரம் ஒரு முறை நடந்து ஓய்ந்திருந்தோம். அந்த ஒரு வார்த்தையை யார் சொன்னாலும் வாரி அணைத்துக்கொள்ளும் நிலையில் இருந்தோம்.

அவன் சொன்னது இதுதான். இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தார்கள். ஜப்பான்காரனிடம் அகப்படாமல் காட்டு வழியாகப் பர்மாவுக்கு வந்து, அங்கிருந்து எப்படியோ ஊர் திரும்பினார்கள். என் கணவர் காலில் குண்டு பட்டு இப்போது பெங்களூர் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நினைவு சரியாக இல்லை. கழுத்தில் இருந்த, பட்டாள நம்பர் பொறித்த வில்லை தொலைந்துவிட்டதால் அவர் யார் என்று சர்க்காருக்குத் தெரியவில்லை. அதனால்தான் கடிதம் வரவில்லை.

“பேரு கூட சில நாளு மறந்துருதுங்க ஆயா. ஆனா உங்கள மறக்கல. ஆத்தா ஆத்தான்னுதான் பொலம்பறாரு.”

அத்தை அழுதார். நான் அவனுக்குச் சோறு போட்டேன். வேண்டாம் வேண்டாம் என்றான். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். நான் பானைக்குப் பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொல்கிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஏதோ ஒன்று நெருடியது. நாங்கள் கேட்கும் முன்பே ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்துகொண்டிருந்தது. கடிதம் ஏன் வரவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அவன் அதையே சொன்னான். நாங்கள் போய்ப் பார்க்கலாமா என்று அத்தை நினைத்திருப்பார். பொம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டான். இதே பேச்சை இதற்கு முன் வேறு வாசலில் பேசிப் பழகியவன் போல இருந்தது.

கை கழுவிக்கொண்டு வந்தவன் என் பக்கம் திரும்பினான்.

“உங்களப் பத்தித்தான் எந்நேரமும் பேச்சு தங்கச்சி. மொரப்பூர் ரயிலடிக்கு வந்து நீங்க கையாட்டுனத எத்தன தடவ சொல்லிருப்பாரு! அந்தப் புளிச்சோறு மாதிரி இன்னும் சாப்புடலம்பாரு.”

அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். அதுதான் வெட்கக்கேடு. அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார், என்னை நினைத்திருக்கிறார் என்று ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு நானே நம்பினேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. நான் ரயிலடிக்குப் போகவே இல்லையே.

ஆனாலும் சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். நினைவு தப்பிய மனுஷன், நடக்காததை நடந்ததாகச் சொல்லியிருக்கலாம். சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“சோறு எதுல முடிஞ்சு குடுத்தேன்னு சொன்னாருங்களா?”

“சொல்லாமயா? மஞ்சத் துணி. உங்க கண்ணாலச் சேலையக் கிழிச்சதாச்சே. இன்னும் பையிலதான் வச்சிருக்காரு.”

அந்தச் சேலை ஒரு நூல் பிரியாமல் உள்ளே பெட்டியில் இருந்தது.

அவன் விஷயத்துக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் துரை இருக்கிறார். இவர் இன்னார்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் விடுதலை. ஆனால் அந்தத் துரையைச் சுற்றி இருக்கும் குமாஸ்தாக்கள் வாய் பெரியவர்கள். துரைக்கு ரொக்கமாகக் கொடுத்தால் லஞ்சம் என்று அவர்கள் பிடித்துவிடுவார்கள். நகையாக இருந்தால் தேவலை. “நான் கேக்கக்கூடாது. என் வாயால கேக்கறதுக்கே கூசுது ஆயா” என்றான். அவன் பார்வை அத்தையின் காதில் இருந்தது.

நான் பின்வாசல் வழியாகக் களத்துக்கு ஓடினேன். மாமா கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். வளையல்காரியிடம் பொய் சொன்னதையும் சொல்லவேண்டியதாயிற்று. அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் நடந்தார்.

மாமாவைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து கும்பிட்டான். மாமா உட்காரச் சொன்னார். மறுபடியும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எம் பையன் எங்கிட்ட எப்பிடிச் சொல்லிட்டுப் போனான்னு சொன்னானா?” என்றார்.

“உங்க காலத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்ததாச் சொன்னாருங்க. எங்கப்பன் ஆசீர்வாதந்தான் என்னக் காப்பாத்துதும்பாரு.”

மாமாவின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்கமாட்டேன். கோபம் இல்லை. அந்த வார்த்தை உண்மையாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கிய முகம்.

“நீ சாப்புட்டுட்ட இல்ல? கெளம்பு” என்றார்.

“ஏனுங்க பெரியவரே?”

“எம் பையன் என் காலத் தொட்டுட்டுப் போவல. நான் அடிச்சு அனுப்பினேன். நீ கெளம்பு. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா மணியக்காரரக் கூப்புட வேண்டியிருக்கும்.”

அந்த ஆள் கலங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அத்தையைப் பார்த்து, “நான் வந்தது தப்புங்க ஆயா. அவரு ஆத்தா ஆத்தான்னு கத்தறது காதுல கேட்டுட்டே இருக்குது, அதான் வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்தான்.

அத்தை என் மேல்தான் பாய்ந்தார்.

“உனக்கு அவன் வர்றது புடிக்கல. அதான் ஓடிப் போயி இவருகிட்டக் கோள் மூட்டுன.”

“அத்தை, நான் ரயிலடிக்கே போவலங்க. அந்த வளையல்காரிகிட்டப் பொய் சொன்னேன். அவ சொன்னதத்தான் இவன் ஒப்பிக்கிறான்.”

“பொய் சொன்னவ நீ. உன் பேச்ச நான் நம்பணும், அவன் பேச்ச நம்பக்கூடாதா?”

மாமா களத்துக்குத் திரும்பினார். நான் பாத்திரம் தேய்க்கப் பின்பக்கம் போனேன். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயும் நேரத்தில் அவர் முக்காட்டை இறுக்கிக் காதை மூடிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். குளிருகிறதா என்று கேட்டேன். முக்காட்டை நானே விலக்கினேன். இரண்டு காதிலும் கொப்பு இல்லை.

ஊர் எல்லையில் இருந்த புளியமரத்துக்கு அடியில் அவன் காத்திருந்திருக்கிறான். அத்தை தன்னைத் தேடிக்கொண்டு வருவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மாமா மறுநாளே மணியக்காரரிடம் சொன்னார். அவர் கடத்தூர் போலீசிடம் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் வந்து எழுதிக்கொண்டு போனார். நல்லம்பள்ளிப் பக்கம் இரண்டு வீடுகளில் இதே போல் நடந்திருப்பதாக அவர் சொல்லித்தான் தெரிந்தது. அங்கேயும் பட்டாளத்துக்குப் போன பிள்ளை. அங்கேயும் ஒரு வாரம் முன்னால் ஒரு வளையல்காரி. பிடிபட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கொப்பு திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கிணற்றடியில் பேச்சே மாறிவிட்டது. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் எங்கள் ஊரில் ஏழு இருந்தன. அந்தப் பெண்கள் கூடிப் பேசி, வெளியாள் யார் வந்து கேட்டாலும் வீட்டுக்காரர் களத்தில் இருக்கிறார் என்றே சொல்வது என்று வைத்துக்கொண்டோம். ஊசி பாசி விற்கிறவள், பாய் விற்கிறவன், கிளி ஜோசியக்காரன் எல்லோருக்கும் அதே பதில். உப்பு விற்க வந்த ஒரு கிழவர், “இந்த ஊருல எல்லா ஆம்பளையும் களத்துலயே கெடக்கறாங்களே, அவ்ளோ வெள்ளாமையா?” என்று சிரித்தார். அவர் ஏன் அதைக் கேட்கிறார் என்று அவரையும் சந்தேகப்பட்டோம்.

நான்தான் எல்லோரையும் விட மோசம். அம்மை குத்த வந்த சர்க்கார் ஆளை, கையில் இருந்த காகிதத்தை முழுதும் வாசித்துக் காட்டும் வரை வெயிலில் நிற்க வைத்தேன். ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் வீட்டில் எத்தனை பேர் என்று சொல்ல மறுத்தேன். அந்த மாதம் எங்களுக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. விளக்கு இல்லாமல் பொழுதோடு சாப்பிட்டோம்.

யுத்தம் முடிந்தது. ஏழு வீட்டில் நாலு வீட்டு ஆட்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வருஷம் சித்திரை வெயிலில் ஒரு ஆள் வந்தார்.

காக்கி இல்லை. இடுப்பில் ஒரு அழுக்கு வேட்டி, தலையில் துண்டு. எலும்பும் தோலுமாக இருந்தார். வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்று, “ஏனுங்க” என்று கூப்பிட்டார். மாமா ஊரில் இல்லை. நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே நின்றபடி யார் என்று கேட்டேன். என் கணவரின் பெயரைச் சொன்னார். அவரோடு இருந்ததாகச் சொன்னார். பேச்சில் கன்னடம் கலந்திருந்தது.

“எங்க இருந்தீங்க?”

“ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயி காட்டுல ரோடு போட வெச்சானுங்க. அங்க.”

“அவரு பட்டாளத்துக்கு எந்த ரயிலடியில ஏறினாருன்னு சொன்னாரா?”

“தெரீலங்க.”

“அவங்கப்பா என்ன வேல செய்யறாரு?”

“வெவசாயம்னு நெனக்கிறேன். அவரு சொன்னதில்ல.”

“அவருக்கு எத்தன புள்ளைங்க?”

அவர் யோசித்தார். “ஒரு பையன் இருக்குதுங்களா?” என்று என்னையே கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு கேள்விக்குக்கூட ஒழுங்கான பதில் இல்லை. பழைய ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. இவன் தொழிலுக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டேன்.

“இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டேன். எந்த ஊர் ஆஸ்பத்திரியைச் சொல்லப் போகிறார் என்று பார்க்கலாம்.

அவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அவரு தவறிட்டாருங்க. காய்ச்சல்ல. நல்ல மழ பெய்யற சமயம்.”

எனக்குப் பின்னால் நின்றிருந்த அத்தை கையில் இருந்த துடைப்பத்தோடு என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். “பெங்களூருல ஆஸ்பத்திரியில கெடக்கறவன செத்துட்டான்னு சொல்றியா? நீ வெளங்குவியா?” என்று கத்தினார். அந்த ஆள் நகரவில்லை. அடி விழட்டும் என்பதுபோல நின்றார். நான் அத்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

நான் அழவில்லை. கருமாதிச் செலவு, காசியில் பிண்டம் என்று இனி ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்காதது எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. சீக்கிரம் கேட்டுத் தொலைத்தால் விரட்டிவிடலாம்.

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார்.

ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வேலிக்கல்லின் மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்து நின்றேன். குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

“நான் ஒகேனக்கல்லு பக்கம் பரிசல்காரனுங்க. ஏதாவது கேக்கணும்னு தோணுனா வாங்க” என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார். கடைசி வரை நான் கதவை முழுதாகத் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துச் சர்க்கார் கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. கடத்தூர் போஸ்ட்மாஸ்டர் வாசித்துச் சொன்னார். ஜப்பானியரிடம் கைதியாக இருந்தபோது, காட்டில் சாலை போடும் முகாமில், காய்ச்சலில் இறந்ததாக எழுதியிருந்தது. மாதத்தையும் கேட்டேன். மழை மாதம்தான்.

அன்று நான் அழுதது கணவருக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். வேலிக்கல்லின் மேல் வைத்த செம்புதான் கண்ணில் நின்றது.

அடுத்த வாரம் மாமாவும் நானும் கிளம்பினோம். தர்மபுரி போய், அங்கிருந்து பென்னாகரத்துக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரி அடுப்பு கட்டி ஓட்டிய பஸ். பென்னாகரத்திலிருந்து ஒரு மாட்டு வண்டி. அது பாதி மலைப்பாதையில் நின்றுவிட்டது, மீதி நடை. ஒகேனக்கல்லில் அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில், ஆற்றோரம் நாலைந்து குடிசைகள் இருந்தன. பட்டாளத்திலிருந்து வந்த பரிசல்காரர் வீடு எது என்று விசாரித்துப் போனோம்.

வாசலில் ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைக்காமலே எழுந்தாள்.

“யாரு நீங்க? எந்தூரு?”

சொன்னோம்.

“எதுக்கு அவரத் தேடறீங்க? சர்க்காரு ஆளா? மறுபடி பட்டாளத்துக்குக் கூப்புட வந்தீங்களா?”

“இல்லம்மா” என்றார் மாமா. “எம் பையன் அவரோட இருந்தவன். ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்.”

“உங்க பையன் பேரு என்ன? நம்பரு என்ன? எந்த ஆபீசரு கீழ இருந்தாரு?”

மாமா திணறினார். நம்பரை நான் சொன்னேன். ஆபீசர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவள் தலையை ஆட்டினாள். “அவரு இல்ல. மாதேசுவரன் மலைக்குப் போயிட்டாரு. வர எட்டு நாளாகும்.”

ஐம்பது அடி தள்ளி, கரையில் கவிழ்த்துப் போட்ட பரிசலுக்கு ஒருவர் தார் பூசிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. அந்த எலும்பு தெரியும் முதுகை எனக்குத் தெரியும். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். ஆனாலும் சொன்ன பேச்சை மாற்றவில்லை. எனக்கு அவள் மேல் ஒரு துளி கோபமும் வரவில்லை. ஒரு மரத்தடியில் போய் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். வேலை முடித்துத் தார்ச்சட்டியோடு அவரே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் கைகூப்பி, அன்றைக்கு நடந்துகொண்டதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“பரவால்லம்மா. நாலு வூட்டுக்குப் போனேன். மூணு வூட்டுல இப்பிடித்தான். ஒரு எடத்துல நாய அவுத்து வுட்டாங்க” என்றார். “எவனோ எனக்கு முன்னாடி வந்துட்டுப் போயிருக்கான்.”

மனைவியிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அவள் அப்போதும் எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எங்களப் பத்தி ஏதாவது சொன்னானுங்களா?”

“பொய் சொல்லக்கூடாதுங்க. சொன்னதில்ல. அங்க யாரும் வூட்டப் பத்திப் பேசமாட்டோம். பேசுனா மறுநாளு கை ஓடாது.”

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மரத்தடியிலும் என் மனம் அவரை எடை போட்டுக்கொண்டுதான் இருந்தது. சர்க்கார் கடிதம் வந்த பிறகும், இத்தனை தூரம் நடந்து வந்த பிறகும், இந்த ஆள் நிஜமாகவே அவரைப் பார்த்தவரா, பெயர்ப் பட்டியலை எங்காவது கேட்டுக்கொண்டு வந்தவரா என்று உள்ளே ஒரு குரல் விடாமல் கேட்டது. அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பரிசல்காரர் தானாகச் சிரித்தார்.

“ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு அவருமேல சண்ட. மூங்கில் தட்டி மேல வரிசையாப் படுப்போம். தூங்குனா உங்க ஆளு கால் கட்டவெரலால தட்டியப் பிராண்டிட்டே இருப்பாரு. கரக் கரக்குனு. பக்கத்துல படுத்தவனுக்குத் தூக்கமே வராது. எத்தனையோ தடவ ஒதச்சிருக்கேன். நிறுத்தமாட்டாரு.”

கோரைப்பாயில் அந்தச் சத்தத்தை ஒன்றரை வருஷம் கேட்டவள் நான். அது எனக்கே மறந்துபோயிருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பொய்யாகக்கூடச் சொன்னதில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஆற்றுப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் என்னை அப்படியே விட்டுவிட்டு மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால் விரல் விஷயத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அத்தை புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“அந்த ஆளு என்ன கேட்டான்?”

“ஒண்ணும் கேக்கலங்க அத்தை.”

“ஒண்ணுமே கேக்கலயா?”

“இல்லங்க.”

“ஒண்ணும் கேக்காத ஆள எப்பிடி நம்பறது?” என்றார். “மொத ஆளு எங்கிட்டக் கொப்பு வாங்கிட்டுப் போனான். வாங்குனவன் எம் பையனப் பாக்காமயா இருப்பான்?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கருமாதி செய்ய அத்தை விடவில்லை. என் வளையலைக் கழற்றவும் விடவில்லை, போட்டுக்கொள்ளச் சொன்னார். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரிலிருந்து ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறை பெங்களூருக்குப் புளி பாரம் ஏற்றிக்கொண்டு போவார். ஒவ்வொரு முறையும் அத்தை கேழ்வரகு மாவு அரைத்து, ஒரு பையில் கட்டி, ஆஸ்பத்திரியில் மகனிடம் கொடுக்கச் சொல்லி அவரிடம் தருவார். அவரும் வாங்கிக்கொண்டு போவார். திரும்பி வந்து, “குடுத்துட்டேன் ஆயா, நல்லாருக்காரு” என்பார். அத்தை சாகும் வரை இது நடந்தது. அந்த மாவு எங்கே போயிற்று என்று நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.